இருதயத்தின் சாய்வு: உண்மைக்காக ஜெபிப்பது எப்படி?

ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "'ஆண்டவரே, இன்று என்னை உண்மையாய் நடத்தும்' என்று காலைதோறும் ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனாலும் சரக்குக் கொடுப்பவர்கள் நீட்டும் கவரை வாங்கிவிடுகிறேன். எங்கள் பிரிவில் எல்லாரும் வாங்குகிறார்கள். வாங்காதவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள். வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கின்றன. வாங்கியதில் தசமபாகத்தைத் தவறாமல் காணிக்கைப் பையில் போட்டும் மனம் ஆறவில்லை. என் ஜெபத்தில் என்ன குறை?"

அன்புச் சகோதரரே, மனம் ஆறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை முதலில் நன்றியோடு கவனிக்கிறேன். மனச்சாட்சி மரத்துப்போனவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்கள் ஜெபம் வேஷம் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அது கையைக் குறித்த ஜெபமாக நின்றுவிட்டது. வேதம் நமக்குக் கற்றுத்தருவதோ இருதயத்தின் சாய்வைக் குறித்த ஜெபம். கவர் மேசைக்கு வருகிற நேரத்தில் தீர்மானிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமிருப்பதில்லை. அதற்குள் மனம் பல நாட்களாகச் சாய்ந்து முடிந்திருக்கும்.

நம்முடைய வேதாகமத்தில் "உத்தமம்" என்று வருகிற பல இடங்களில், எபிரெயத்தில் நிற்கிற சொல்லுக்கு முழுமை, பின்னமில்லாமை என்று பொருள். பஸ்கா ஆட்டுக்குட்டி பழுதற்றதாயிருக்க வேண்டும் என்று யாத்திராகமம் 12:5 சொல்லுகிறபோதும், "நீ எனக்கு முன்பாக நடந்துகொண்டு உத்தமனாயிரு" என்று ஆதியாகமம் 17:1-இல் ஆபிராமுக்குக் கட்டளையிடப்படுகிறபோதும் வருவது ஒரே சொல்லே. அந்தக் கட்டளையைப் பெற்ற ஆபிரகாம் அதற்குப் பின்னும் கேராரில் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தடுமாறினார். ஆகவே உத்தமன் என்பவன் ஒருபோதும் இடறாதவன் என்று நாம் பொருள்கொள்ள வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவனாகவும் திங்கட்கிழமை வேறொருவனாகவும் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்ளச் சம்மதியாதவனே உத்தமன். தாவீதின் ஜெபமாகிய 86-ஆம் சங்கீதத்தின் 11-ஆம் வசனம் இதையே கேட்கிறது: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்." சிதறிக் கிடக்கிற இருதயத்தைத் தன்னால் ஒன்றுசேர்க்க முடியாது என்று அறிந்தவர் கேட்கிற விண்ணப்பம் அது. யாக்கோபு சொல்லுகிற "இருமனமுள்ளவன்" நிலையற்றவனாயிருப்பதற்குக் காரணமும் இதுவே; அவனுக்குள் இரண்டு எஜமான்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் வேளை வரும்போது கட்டளையிடுகிறார்கள்.

உங்களுக்கு நான் கொடுக்க விரும்பும் ஜெபம் 141-ஆம் சங்கீதம். பத்தே வசனங்கள் கொண்டது. "என் விண்ணப்பம் உமக்கு முன்பாகத் தூபமாகவும், என் கையெடுப்பு அந்திப்பலியாகவும் இருக்கக்கடவது" என்னும் இரண்டாம் வசனத்தின் நிமித்தமாக, ஆதிச் சபையார் இதை மாலை ஜெபமாக ஏற்றுக்கொண்டார்கள். 407-இல் மரித்த, ஆதிச் சபையின் போதகராகிய யோவான் கிறிசோஸ்தோம் இந்தச் சங்கீதத்தை விளக்கும்போது, சபையார் இதை நாள்தோறும் பாடிப் பழகியிருந்தார்கள் என்பதைக் குறிப்பிடுகிறார். கீழைத்திசை மரபுவழிச் சபைகளின் அந்தி ஆராதனையில் இது இன்றும் பாடப்படுகிறது. கேரளத்துச் சுரியானி சபைகளின் மாலை ஜெபத்திலும் இதற்கு இடமுண்டு. நாம் உண்மைக்காகக் காலையில் மட்டும் ஜெபித்துப் பழகிவிட்டோம். மாலையில் ஜெபிக்கிறவனுக்கு அன்றைய நாள் கண்ணெதிரே கிடக்கிறது. யாரிடம் என்ன பேசினான், எந்தச் சிரிப்புக்குப் பதில் சிரித்தான் என்பதெல்லாம் இன்னும் ஈரமாக இருக்கிறது. பொதுவாக ஜெபிக்க அப்போது வழியில்லை. "இன்று மதியம் மூன்று மணிக்கு அவரிடம் நான் சொன்ன அந்த வார்த்தை" என்றுதான் ஜெபிக்க முடியும்.

அடுத்த வசனம் வாயைப் பற்றியது: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்; என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." லஞ்சத்துக்கும் வாய்க்கும் என்ன தொடர்பு என்று ஒருகாலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. பின்னர் அனுபவத்தில் கண்டுகொண்டேன். எந்தக் கவரும் முதலில் கவராக வருவதில்லை. "உங்களையும் கவனிக்க வேண்டும் சார்" என்று ஒருவர் சொல்லுகிறார். நாம் "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அந்த ஒரு சொல்லில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அதனாலேயே அது நமக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. எதிரில் இருப்பவரோ அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு போகிறார். பிற்பாடு கவர் வரும்போது, ஏற்கெனவே கொடுத்த வாக்கை மீறுவதுபோன்ற ஒரு கூச்சம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கூச்சத்தை முறிக்கும் துணிவு பலருக்கு இருப்பதில்லை. ஆகையால் நீங்கள் கேட்கவேண்டிய காவல், கைக்கு வைக்கப்படுவதற்கு முன்பு வாய்க்கு வைக்கப்பட வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லை உங்கள் உதடுகளின் வாசலில் நிறுத்தித் தரும்படி, அந்தச் சொல்லையே குறிப்பிட்டு ஜெபியுங்கள்.

நான்காம் வசனத்தில்தான் சங்கீதத்தின் நெஞ்சு துடிக்கிறது: "என் இருதயத்தைத் துன்மார்க்கத்திற்கு இணங்கவொட்டாதேயும்." இணங்குதல் என்று நம் மொழிபெயர்ப்பில் உள்ள இடத்தில், எபிரெயத்தில் சாய்தல், சரிதல் என்று பொருள்படும் வினைச்சொல் நிற்கிறது. இதே வினைச்சொல்லை 119-ஆம் சங்கீதத்தின் 36-ஆம் வசனத்திலும் காண்கிறோம்: "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்." சாலொமோன் வயது சென்றபோது அவனுடைய மனைவிகள் அவன் இருதயத்தைச் சாயப்பண்ணினார்கள் என்று 1 இராஜாக்கள் 11:4 சொல்லுகிற இடத்திலும் அதுவே வருகிறது. ஆலயத்தைக் கட்டி, அதன் பிரதிஷ்டையில் முழங்கால்படியிட்டு ஜெபித்தவனுடைய இருதயம் ஒரே நாளில் கவிழவில்லை; ஆண்டாண்டாகச் சரிந்தது.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிடச் செய்த இடம் 1 சாமுவேல் 8:3. சாமுவேலின் குமாரர் "பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள்" என்று வாசிக்கிறோம். பரிதானம் என்பது லஞ்சம். மூலத்தில் "சாய்ந்து" என்பதும் "புரட்டினார்கள்" என்பதும் ஒரே வினைச்சொல்லின் இரண்டு வடிவங்கள். முதலில் இருதயம் சாய்ந்தது, இடையில் பணம் கைமாறியது, கடைசியில் நியாயமே சாய்ந்தது. துலாக்கோலின் முள் ஒருபால் கோடுவதற்கு முன்பே அதைப் பிடித்திருந்த நெஞ்சம் கோடியிருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இவர்களுடைய தகப்பனோ, ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக நின்று, "யார் கையில் பரிதானம் வாங்கிக்கொண்டு கண்சாடையாயிருந்தேன்" என்று கேட்கத்தக்கவராயிருந்தார். தகப்பனின் நேர்மை பிள்ளைகளுக்குச் சுதந்தரமாகத் தானே இறங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு இருதயமும் தன் சாய்வுக்காகத் தானே ஜெபிக்க வேண்டியதாயிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொல்லுகிற தகப்பன்மார் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும் என்று மிகுந்த பாரத்தோடு சொல்லுகிறேன்.

நான்காம் வசனத்தின் பிற்பகுதி, "அவர்களுடைய ருசியுள்ள பதார்த்தங்களில் ஒன்றையும் சாப்பிடாதபடி செய்யும்" என்கிறது. பாவத்தின் விருந்து ருசியற்றது என்று தாவீது நடிக்கவில்லை. அது ருசியுள்ளது என்பதை ஒப்புக்கொண்டு, அதனாலேயே தேவனுடைய உதவியைக் கேட்கிறார். இந்த வசனம் எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இளைஞனாக இருந்தபோது ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தேன். சிமெண்ட் கொண்டுவரும் லாரிக்காரரும் அவரை அனுப்புகிற வியாபாரியும் என்னிடம் ஒரு வருடம்வரை பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சரக்கு இறக்கி முடிந்ததும் அருகில் இருந்த கடையில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தருவார்கள். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார்கள். ஒரு மழைக்கால மாலையில் லாரி தாமதமாக வந்தது. மூட்டைகள் நனையுமுன் இறக்க வேண்டும் என்ற அவசரத்தில், 200 மூட்டை என்று எழுதியிருந்த சீட்டில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் எண்ணியபோது 185 இருந்தன. வியாபாரியிடம் கேட்டேன். அவர் பதறவில்லை, "நமக்குள் என்ன தம்பி" என்று சொல்லி, மடித்த ஐந்நூறு ரூபாயை என் சட்டைப் பையில் வைத்தார். அந்த மடிப்பின் கனம் இன்றும் நெஞ்சின் இடப்பக்கத்தில் தெரிகிறது. நான் மறுக்கவில்லை. அந்த நாளில் விழுந்தேன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு வருடமாகச் சிறிது சிறிதாகச் சாய்ந்திருந்தேன். அவர்களுடைய பரோட்டாவைச் சாப்பிட்ட வாய்க்கு, அவர்களிடம் "இது திருட்டு" என்று சொல்லும் பலம் இல்லாமல்போயிற்று. "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்" என்று யாத்திராகமம் 23:8 சொல்லுவது எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஐந்தாம் வசனம் பலரும் வேகமாகக் கடந்துபோகிற வசனம்: "நீதிமான் என்னைத் தயவாய்க் குட்டி, என்னைக் கடிந்துகொள்ளட்டும், அது என் தலைக்கு எண்ணெயைப்போலிருக்கும்." உண்மைக்காக ஜெபிக்கிறவன், தன்னைக் கடிந்துகொள்ள ஒரு மனிதரைத் தாரும் என்றும் சேர்த்து ஜெபிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுவே: இந்தக் காரியம் உங்களுக்கும் தேவனுக்கும் மட்டுமே தெரியும்போல் இருக்கிறது. உங்கள் மனைவிக்குத் தெரியுமா? உங்கள் போதகருக்கோ, சபையில் நம்பத்தக்க ஒரு மூத்த சகோதரருக்கோ தெரியுமா? இருட்டில் வைத்திருக்கிற ஒன்றுக்காக எவ்வளவு ஜெபித்தாலும் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை உங்களை நேருக்கு நேர் பார்த்து, "இந்த மாதம் வாங்கினீர்களா" என்று கேட்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுங்கள். குட்டு வலிக்கும்; அதையே தாவீது தலைக்கு எண்ணெய் என்கிறார்.

இனி, கர்த்தருடைய ஜெபத்தில் நாம் தினந்தோறும் சொல்லுகிற "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்னும் விண்ணப்பத்துக்கு வருவோம். தமிழில் "சோதனை" என்பது பரீட்சையையும் குறிக்கும், பாவத்துக்குள் இழுக்கும் தூண்டுதலையும் குறிக்கும். மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. ஒரே சூழ்நிலை தேவனுடைய கையில் பரீட்சையாகவும் பிசாசின் கையில் கண்ணியாகவும் இருக்கக்கூடும் என்பதால் இது பொருத்தமே. இந்த விண்ணப்பத்தின் தாழ்மையைக் கவனியுங்கள். சோதனை வந்தால் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று இதில் யாரும் சொல்லவில்லை. என் பலவீனம் எனக்குத் தெரியும், அந்தப் பக்கமே என்னைக் கொண்டுபோகாதேயும் என்று கெஞ்சுகிறோம். அப்படிக் கெஞ்சுகிறவன் தானாக அந்தப் பக்கம் நடந்துபோவது ஜெபத்தைப் பரிகாசம் பண்ணுவதாகும். யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு பாவம்செய்ய மறுத்ததை எல்லாரும் அறிவோம். "அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை" என்று ஆதியாகமம் 39:10 கூடுதலாகச் சொல்லுவதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. உங்கள் நிலையில் இதற்கு மிக எளிமையான வடிவங்கள் உண்டு. சரக்குக் கொடுப்பவரைத் தனியாகவோ ஹோட்டலிலோ சந்திக்காமல், இன்னொருவர் இருக்கிற அறையில் சந்தியுங்கள். விலைப் பேச்சைத் தொலைபேசியில் முடிக்காமல் எழுத்தில் கேளுங்கள். பண்டிகைக்கு வருகிற இனிப்புப் பெட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பிரிவின் பொது மேசையில் வைத்துவிடுங்கள். "அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்று 1 கொரிந்தியர் 10:13 வாக்களிக்கிற போக்கு, பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரண வாசல்களாகவே இருக்கிறது.

வீட்டுக்கடனையும் பள்ளிக் கட்டணத்தையும் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நீதிமொழிகளில் காணப்படுகிற ஒரே ஜெபமாகிய ஆகூரின் ஜெபம், பணத்தட்டுப்பாட்டையும் நேர்மையையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறது. ஐசுவரியம் வந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், தரித்திரம் வந்தால் திருடிவிடுவேன் என்று இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பயந்து, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறார். படி என்பது நம் ஊரில் அரிசி அளக்கும் படியும்கூட, சம்பளத்தோடு வருகிற படியும்கூட. எனக்கென்று அளக்கப்பட்டதில் நான் வாழும்படி செய்யும் என்பதே இந்த ஜெபம். இதை உண்மையாய் ஜெபிக்க விரும்பினால், ஒரு மாலை நீங்களும் உங்கள் மனைவியும் வரவுசெலவு நோட்டைத் திறந்து வைத்து, கவரில் வந்த பணம் எந்தெந்தச் செலவுக்குப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தச் செலவுகளில் சில தவிர்க்க முடியாதவையாக இருக்கும். அவற்றுக்காகத் தேவனிடத்தில் துணிந்து கேளுங்கள், தேவையானால் சபையில் உதவி கேட்கவும் வெட்கப்படாதிருங்கள். வேறு சில, அண்டைவீட்டாரைப் பார்த்து நாம் ஏற்படுத்திக்கொண்டவையாக இருக்கும். அப்போஸ்தலனாகிய யோவான் "ஜீவனத்தின் பெருமை" என்று பெயரிட்டது இவற்றையே. உலகம் என்றவுடன் சினிமாவையும் மதுக்கடையையும் மட்டுமே சுட்டிக்காட்டிப் பிரசங்கிக்கிற நாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் இருக்கிற உலகத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

தசமபாகத்தைக் குறித்து மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்: அதை நிறுத்திவிடுங்கள். கொள்ளைப்பொருளினால் இடப்படுகிற பலியைத் தாம் வெறுப்பதாகக் கர்த்தர் ஏசாயா 61:8-இல் சொல்லியிருக்கிறார். கவர்ப் பணத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பையில் போடும்போது, மிச்சத்தைத் தேவன் ஆசீர்வதித்துக் கொடுத்துவிட்டதாக மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. உங்கள் மனம் அந்தக் கணக்கை ஏற்காமல் ஆறாதிருப்பது தேவன் உங்களுக்குச் செய்திருக்கிற இரக்கம். வரி வசூலிப்பவனாயிருந்த சகேயு தன் வீட்டில் எழுந்து நின்று பேசியபோது, ஆலயத்துக்கு எவ்வளவு கொடுப்பேன் என்று சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாக வாங்கினவர்களுக்கே திரும்பச் செலுத்துகிறேன் என்றும் சொன்னான். அவன் அதைச் சொல்லுவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்குள் வந்திருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். திரும்பச் செலுத்தியதனால் அவர் வரவில்லை. அவர் வந்ததனால் திரும்பச் செலுத்த அவனுக்கு மனம் உண்டாயிற்று. பேதுரு மறுதலிக்குமுன்பே "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொன்னவர், நீங்கள் உங்களுக்காக ஜெபிக்கத் தொடங்குவதற்கு முன்பே உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார். உங்களுடைய ஜெபம் அவருடைய ஜெபத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. எவ்வித மனிதனும் தைரியமாய்ச் சாயக்கூடிய ஒரே பக்கம் அது.

திரும்பச் செலுத்துவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி சீக்கிரம் வரும். அவசரத்தில் நிர்வாகத்தின் அறைக்குள் நுழைந்துவிடாமல், முதலில் மனைவியிடமும், பின்பு உங்களைக் கடிந்துகொள்ளும் அந்த ஒருவரிடமும், நினைவில் உள்ள தொகைகளை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதன்பின் என்ன செய்வது, யாரிடம் சொல்லுவது, அதனால் வேலைக்கும் சட்டப்படியும் வரக்கூடிய விளைவு என்ன என்பதை மூன்று பேருமாக ஜெபித்து ஆலோசியுங்கள். எளிதாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என் காரியத்தில், அந்த ஐந்நூறு ரூபாயை வாங்கிப் பதினோரு நாட்களுக்குப் பின் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பதினைந்து மூட்டைகளின் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். ஸ்டோர் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, ஆட்களின் வருகையைப் பதிவு செய்யும் வேலைக்கு என்னை மாற்றினார். சாவி எட்டு மாதங்களுக்குப் பின் திரும்பி வந்தது. அதைக் கொடுத்த அன்று வந்த முதல் லாரியின் மூட்டைகளை, வியாபாரியின் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். எண்ணி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பரோட்டாக் கடைக்கு யாரும் என்னை அழைக்கவில்லை.